சவரியின் விங்கும் என் வயிற்றெரிச்சலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று நிறுவனத்தார் முதலில் கேட்டது சவரிமுத்துவை. அவன் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருக்கிறான். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்று, திருவாடானைப் பக்கம் சொந்த ஊரில் மாடு பார்த்துக்கொண்டு கிடக்கிற மனுஷனுக்கு இந்த விசாரணையெல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆக, உங்கள் முன்னால் நிற்பது இரண்டாவது ஆள்.

பந்தயக் காரின் மேல் காற்று எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் காலமெல்லாம் என் பிழைப்பாக இருந்தது. ஊரில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார் கம்பெனியில் காற்று சம்பந்தமான வேலை என்றதும், டயருக்குக் காற்றடிக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும், "எஞ்சினியருக்குப் படிச்சிட்டு எதுக்கு பஞ்சர் கடையில இருக்காக?" என்று கேட்டார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. கணக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதனால் கணக்கை விட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது பொறாமை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

சவரி கடலோரக் காரங்காட்டுக்காரன். அவன் அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் உள்ளே தள்ளி, வானம் பார்த்த பூமியில் நெல் போடுகிறவர்கள். அவன் ஊரில் பஸ் ஏறிக் கண்ணசந்தால் எங்கள் ஊரைத் தாண்டிவிடலாம், அவ்வளவு பக்கம். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவன் முதலாக வந்தான், நான் அவனுக்கு அடுத்து. வேறு ஜில்லாக்காரன் எவனாவது முதலாக வந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பக்கத்து ஊர்க்காரன் வந்தான், அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பரீட்சை முடிவு வந்ததும் அம்மா என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அந்த வாத்தியார் மகன் எம்புட்டு?" என்பதுதான்.

சென்னையில் ஒரு பந்தயக் கார் அணியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டுத்தான் நான் மனுப் போட்டேன். எங்கள் தலைமைப் பொறியாளரைப் பெரியசார் என்போம். சேர்ந்த அன்றே எங்கள் மேஜைகளை எதிரெதிரே போடச் சொன்னார். நான் தலையை நிமிர்த்தினால் சவரி வரைவது தெரியும். அவனைச் சவரி என்று கூப்பிடுவார். என்னை மிஸ்டர் ரெத்தினம் என்பார். இதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியசார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காரில் ஏறப்போகும் எந்தப் பாகமானாலும், வரைந்தவனைத் தவிர இன்னொருவன் அதை உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும். சவரி வரைந்ததை எப்போதும் என்னிடமே கொடுப்பார். மற்றவர்களிடம் கொடுத்தால், "நல்லா இருக்கு சார்" என்று டீ ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். சாப்பிடும்போதும் பக்கத்தில் விரித்து வைத்திருப்பேன். எங்காவது ஒரு கோடு பிசகியிருக்காதா என்று அவ்வளவு ஆசையாகத் தேடுவேன். பிசகியிருக்கிறது என்று பல தடவை சண்டையும் போட்டேன். காரின் மூக்கு மாதிரி இருக்கும் முன்மூடி சரியில்லை என்றேன், ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழி சரியில்லை என்றேன். ஓட்டிப் பார்த்தால் அவன் போட்டதே சரியாக இருக்கும். நாளாக ஆக, நான் தொண்டையைச் செருமினாலே மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு புதுக் கார் செய்தோம். ஒற்றை இருக்கைக் கார். முன்னால் தரையை ஒட்டியிருக்கும் விங் என் பொறுப்பு. பின்னால் உயரத்தில் நிற்கும் விங் அவன் பொறுப்பு. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். அதையே கவிழ்த்துப் போட்டால் காரைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் வளைவில் டயர் தரையைப் பிடித்து நிற்கிறது. பின்விங் அழுத்தத்தை விட்டுவிட்டால் காரின் பின்பாகம் வழுக்கிக்கொண்டு சுற்றும். பந்தய வேகத்தில் அப்படிச் சுற்றினால் ஓட்டுகிறவன் சுவரில் போய்த்தான் நிற்பான்.

காரை நிறுத்தி வைத்துக் காற்றை ஊதிப் பார்க்கும் சுரங்கமெல்லாம் அன்று எங்களுக்கு எட்டாது. நேரான, மேடு பள்ளமில்லாத, ஆள் நடமாட்டமில்லாத சாலை கிடைத்தால் போதும் என்று அலைந்தோம். பிடித்துக் கொடுத்தது நான். தேவிபட்டினத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையை அகலமாகப் போட்டு, இன்னும் திறந்துவிடாமல் வைத்திருந்தார்கள். என் சித்தப்பா மகன் அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். அவன் காலில் விழாத குறையாக அனுமதி வாங்கினேன். பெரியசார் வந்து இறங்கினார், சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார், "சவரி, உங்க ஊர்ல இப்பிடி ஒரு ரோடா!" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சோதனைக்குக் காற்று அசையாத நேரம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அப்போதுதான் அளவு சுத்தமாக வரும். இன்றைக்கு வந்ததே நாளைக்கும் வரும். அந்தக் கரையில் விடிந்து வெயில் ஏறும்வரை கடல் சத்தமில்லாமல் கிடக்கும், கருவேல இலைகூட ஆடாது. அந்த நேரத்தில் காரை ஓட்டுவோம். கடற்காற்று கிளம்பியதும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

விங்கின் மேல் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தோம். காற்று ஒழுங்காகப் போனால் நூல் படிந்து பின்பக்கமாக நீண்டு கிடக்கும். ஒழுங்கு கெட்டால் துடிக்கும், சுருளும். நான் இன்னொரு வண்டியில் கூடவே போய்ப் பார்ப்பேன். சவரியின் விங்கில் ஒவ்வொரு நூலும் எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி படிந்து கிடந்தது. என் விங்கிலோ ஓரத்தில் இரண்டொன்று துள்ளிக்கொண்டே இருந்தன. காரை ஓட்டியவன் கிரி. கோயமுத்தூர்ப் பையன், அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஓட்டிவிட்டு இறங்கினால் நேரே சவரியிடம்தான் போவான். "அண்ணா, பின்னாடி ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுங்கண்ணா!" என்பான். முன்னாடியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான்.

ஒருநாள் என் அய்யா பஸ் ஏறி, கார் பார்க்க வந்துவிட்டார். சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தப் பின்னாடி தூக்கி நிக்கிது பாரு, இது யாரு செஞ்சது?"

"சவரி."

"எம்புட்டு அம்சமா இருக்கு! நீ என்னய்யா செஞ்ச?"

"முன்னாடி, கீழ இருக்கு பாருங்க."

அய்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதா? ரோட்டுல ஒரசிறாது?" என்றார்.

அன்றைக்குச் சவரி வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு வந்திருந்தது. எங்கள் அணி முழுக்க அந்தக் குழம்புக்கு அடிமையாகியிருந்தது. அய்யாவும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "வாரேன்ப்பா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் சொன்னாரா என்பது நினைவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே சாப்பிட்டு வரலாம் என்று போனார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். அவர்கள் போனதும் தார்ப்பாயை விலக்கிவிட்டு அந்த விங்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வரும் ஞாயிறு பந்தயம். அதற்குள் அதில் ஒரு குறையாவது கண்ணில் பட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

விங்கின் இரண்டு ஓரத்திலும் காற்று வழிந்து போகாமல் தடுக்கத் தட்டு வைப்போம். சவரி அதை வழக்கத்தைவிட உயரமாக வைத்திருந்தான். அவ்வளவு அழுத்தம் கிடைத்ததே அதனால்தான். எனக்கு இது தோன்றவில்லையே என்று அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் குமுறுவேன். அன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடற்காற்று நன்றாகக் கிளம்பியிருந்தது. சாலை வடக்கு தெற்காகப் போகிறது, கடல் கிழக்கே. காற்று காரின் விலாவில் அடித்தது. கடல் பக்கத்துத் தட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த நூல்கள் எல்லாம் திசை கெட்டுச் சுழன்றுகொண்டிருந்தன.

நிற்கிற காரில் நூல் ஆடுவதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து பக்கக் காற்றில் இந்தக் காரை ஒரு தடவைகூட நாங்கள் ஓட்டவில்லை. பந்தயம் மதியத்துக்கு மேல். தளம் வெட்டவெளி. நீண்ட நேர்பாதை முடிந்து வேகமாகத் திரும்பும் இடத்தில் காற்று குறுக்கே வரும். காற்றைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற நாங்கள், காற்று வீசத் தொடங்கியதும் தினமும் சாப்பிடப் போயிருக்கிறோம்.

உடனே இன்னொரு சந்தேகமும் வந்தது. இது நிஜமாகவே இருக்கிறதா, அல்லது இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதால் தெரிகிறதா? இது என் விங்காக இருந்தால் இப்படி வந்து நின்று பார்த்திருப்பேனா? பார்த்திருக்க மாட்டேன். நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

கிரியிடம் நேரே சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம். சொன்னால் பயந்துவிடுவான்; பயந்துகொண்டு ஓட்டுகிறவனுக்கு எந்தக் காரும் ஆபத்துதான். ஒரு குறையை, அதைச் சரிசெய்ய முடிகிறவனிடம்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியசார் திரும்பி வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "மிஸ்டர் ரெத்தினம், இப்ப நீங்க சொன்னதுல காத்து எவ்வளவு, வயித்தெரிச்சல் எவ்வளவு?"

"எனக்கே தெரியலை சார்."

"அப்ப எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? முன்மூடிக்கும் இதையேதான் சொன்னீங்க. காலையில எடுத்த அளவெல்லாம் சுத்தமா இருக்கு. நாளைக்குக் காரை லாரில ஏத்தியாகணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. என் வாய்க்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அத்தோடு விட்டிருக்கலாம். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது, பொறுப்பு என் தலையில் இல்லை. ஆனால் கிரி அங்கே காரின் பக்கத்தில் நின்று, குழந்தைக்குத் தேவிபட்டினத்தில் வாங்கிய சிப்பி மாலையை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். நான் சவரியிடம் போனேன். அவன் ரோடு ரோலர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே ரெத்தினம், இங்கன உக்காரு. வயித்துக்குத் தேவலையா?"

"தேவலை. சவரி, ஒன் விங்கு பக்கக் காத்துல நிக்காதுலே."

மெக்கானிக்குகள் சிரிக்கிற மாதிரி அவன் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். "எங்கன?"

"கடல் பக்கத்துத் தட்டு. ரொம்ப உசரம். காத்து சாய்ஞ்சு வந்தா அது மறைச்சுக்கிரும். மறைவுல இருக்க பாதி விங்கு செத்துப்போகும்."

"பெரியசார்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். வயித்தெரிச்சல்ங்கிறாரு."

"இல்லையா பின்ன?"

"இருக்கு. நெறைய இருக்கு. இதுவும் இருக்கு."

சவரி காரிடம் போய் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தான். "எம் வேலைய எல்லாரும் மேலாப்புலதான்லே பாக்குறாய்ங்க. நீ ஒருத்தன்தான் கடிச்சுத் திங்கிற மாதிரி பாக்குறவன். நீ சொன்னா ஓட்டிப் பாத்துருவோம். இந்தா, இப்பவே."

"கிரிய உக்கார வைக்காத."

"அவன் எதுக்கு? நான் போறேன்."

"நான் ஓட்டுறேன்லே. சந்தேகம் என்னோடது."

"நீ ஓட்டிக் கவுந்தேன்னு வையி, வேணும்னே கவுத்துட்டான்னுவாய்ங்க. தள்ளு."

அவன் சொன்னது நியாயமாக இருந்தது. ஆபத்துக்குள் போகும்போதும் என்னைவிடத் தெளிவாக யோசிக்கிறானே என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது. பெரியசார் தடுப்பதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சோதனைக்காக அவ்வப்போது ஓட்டிப் பழகியவன்தான், ஆனாலும் பந்தய ஓட்டுநர் இல்லை.

அந்தச் சாலையில் முதல் பாதிக்குக் கடல் பக்கம் அடர்த்தியாகக் கருவேலங்காடு. அது முடிந்ததும் உவர்நிலம், வெட்டவெளி. காடு முடிகிற இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். கார் மரங்களின் மறைவில் வரும்போது நூல்கள் படிந்துதான் இருந்தன. வெளியில் வந்து காற்று விலாவில் பட்டதும், கடல் பக்கத்துப் பாதியில் எல்லா நூல்களும் எழுந்து நின்றன. பின்பாகம் ஒரு தரம் ஆடியது. அடுத்த நிமிஷம் கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, சாலையை விட்டு இறங்கி, உவர்நிலத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சேற்றில் போய் விழுந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் சொன்னது சரி, நான் சொன்னதுதான் சரி என்று உடம்பெல்லாம் குதித்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் புழுதிக்குள் சவரி இருக்கிறான் என்பது மண்டையில் ஏறியது. செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு ஓடினேன். சவரி, சவரி என்று கத்தினேன் போலிருக்கிறது. பிற்பாடு மெக்கானிக்குகள் சொன்னார்கள்.

அவன் தானாகவே வெளியில் வந்து, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாதி இல்லலே," என்றான். "முக்காவாசி செத்துருச்சு."

அப்போதும் என்னைத் திருத்தினான் பாருங்கள்.

சேற்றில் விழுந்ததால் காருக்குப் பெரிய சேதமில்லை. அந்த விங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய காரின் விங்கையே மாட்டலாம் என்றேன். பெரியசார் சரி என்று சொல்லிவிட்டார். சவரி கேட்கவில்லை. காண்ட்ராக்டர் ஆட்களிடம் ரம்பம் வாங்கி, தட்டின் மேல்பாதியை அறுத்தான். மீதியில் காற்று நுழைய வழி விட்டுச் சீவினான். கிளம்புவதைத் தள்ளிப் போட வைத்தான். மறுநாள் மதியம், கடற்காற்று உச்சத்தில் இருந்தபோது, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி, கிரியே ஓட்டினான். நூல்கள் படிந்து கிடந்தன. வெட்டவெளியிலும் கார் ஆடவில்லை. முதல் விங்கைவிட இது எல்லா வகையிலும் மேல். குறையைக் கண்டுபிடித்தவன் நான்; அதை வைத்து இன்னும் நல்ல விங் செய்துகொண்டவன் அவன். இதில் எனக்கு என்ன மிச்சம், சொல்லுங்கள்.

பந்தயத்தன்று காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அந்த வேகத் திருப்பத்தில் மற்ற கார்கள் எல்லாம் தயங்கித் தயங்கித் திரும்பின. கிரி ஒருவன்தான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனான். ஜெயித்தான். மேடையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விங் செய்தவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சவரி மைக்கைப் பிடித்து, "இதுல குறை இருக்குன்னு சொன்னது எங்க ஊர்க்காரன் ரெத்தினம். அவன் சொல்லலைன்னா இன்னைக்கு கிரி இங்க நிக்கமாட்டான்" என்றான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பெரியசாரும் தட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் அவன் பேரைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெருந்தன்மையும் அவனிடமே போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று பொறுக்காமல் வந்த தண்ணீர் அது.

அதற்குப் பிறகு கிரி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். சவரி செய்த எந்தப் புதுப் பாகத்தோடு கார் கிளம்பினாலும், இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுவதற்கு முன் என்னைத் தேடுவான்.

"அண்ணா, எரியுதுங்களா?"

நான் விங்கைப் பார்ப்பேன். ராத்திரியும் பகலும் அதைக் குடைந்து, ஒரு குறையும் அகப்படாமல் தோற்று வந்திருப்பேன். "எரியுது தம்பி."

"நெம்ப எரியுதுங்களா?"

"போடா, எரியுதுன்னேன்ல."

"அப்பச் சரிங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து மாட்டுவான். மெக்கானிக்குகளும் சிரிப்பார்கள். ஆனால் இப்போது யாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தே சிரித்தார்கள். இப்படிப் பல வருஷம் ஓடியது. பெரியசார் ஓய்வு பெற்றுப் போனார், புது மேலாளர் வந்தார், கம்ப்யூட்டர்கள் வந்தன. கிரியின் கேள்வி மட்டும் மாறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வருஷத்துக் காருக்கு முன்னைவிட வலுவான எஞ்சின். வழக்கம்போல் பின்விங் சவரியுடையது. சோதனைக்கு மறுபடியும் எங்கள் பக்கமே வந்தோம். இராமநாதபுரத்துக்கு வெளியே புதிதாகப் போட்ட சாலை ஒன்று திறக்காமல் இருந்தது. சவரியின் மனைவி மேரி அந்த வருஷம் இறந்துபோயிருந்தாள். அவன் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். கேட்டதற்குப் பதில் சொல்வான், கொடுத்ததை முடித்துக் கொடுப்பான். விங்கின் வரைபடம் என்னிடம் வந்தது. பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மதியம், கடற்காற்றில், கிரி ஏறி உட்கார்ந்தான். "அண்ணா, எரியுதுங்களா?"

எரியுது என்று வாய் எடுத்தேன். வரவில்லை. விங்கை ஏற இறங்கப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தின்பண்டம் வாங்கி வந்ததைப் பார்த்தால் வருகிற அளவுகூட எரிச்சல் இல்லை.

"இல்ல தம்பி," என்றேன்.

கிரி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டான். புது மேலாளர் ஓடி வந்தார். "என்ன பிரச்சினை? அளவெல்லாம் சரியா இருக்கே!" என்று கத்தினார்.

"ரெத்தினண்ணனுக்கு எரியலைங்க சார்" என்றான் கிரி.

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. சவரிக்குப் புரிந்தது. மெதுவாக எழுந்து வந்தான்.

"நீ பாத்துக் கையெழுத்துப் போட்டியேலே. தப்பு இருந்துச்சா?"

"தப்பு எதும் அம்புடல. ஆனா நான் தேடவும் இல்ல. தேடணும்னே தோணலலே. இது நீ போட்டதா?"

அவன் காருக்குப் பின்னால் போனான். விங்கைத் தாங்கி நிற்கும் காலைக் கையால் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். அது வளைந்து கொடுத்தது. திரும்பவும் உலுக்கினான். பிறகு அந்தக் காலைப் பிடித்தபடியே நின்றான்.

"போன வருசத்துத எடுத்து அளவ மாத்தி ஒட்டிட்டேன்," என்றான். "புது எஞ்சின் வேகத்துக்கு இந்தக் காலு தாங்காது. பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். மேரி போனதுலருந்து ஒண்ணையும் நெனச்சுப் பாக்க முடியலலே."

கிரி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதுவும் அவனிடம்.

"இதக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசாப் போடு," என்றேன். "எனக்கு வயிறு எரியணும்."

சவரி என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த வருஷத்தில் அவன் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். "நல்லா எரியணுமாலே?"

"சோறு இறங்கப்படாது."

"சரி. அங்கன போயி உக்காரு. வாரேன்."

போட்டான். உங்கள் கூடத்து வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களே, அந்த விங்தான் அது. நான் உள்ளே வரத் தாமதமானதற்குப் போக்குவரத்து நெரிசல் என்று சொன்னேன். நெரிசல் ஒன்றும் இல்லை. அதன் முன்னால் நின்று, எங்காவது ஒரு கோடு பிசகியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். இல்லை. பாவி, ஒன்றுகூட இல்லை.